மகளுக்கு எம்.எஸ்சி. சேர்க்கை: எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள், எங்கே பார்ப்பது?

பூம்பாறை விவசாயி:

எல்லோருக்கும் வணக்கம். நமக்கு ஊர் பூம்பாறை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். மகள் கீழே ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கும் முதல் ஆள் அவள்தான். மேலே எம்.எஸ்சி. படிக்கணும் என்கிறாள், படிக்கட்டும்.

கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் போட்டு வைக்கலாம் என்று அவள் தோழிகள் சொல்கிறார்கள். இதற்கு நடுவில் சமவெளியில் ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் எப்படியோ நம்பரைப் பிடித்து தினமும் போன் பண்ணுகிறார்கள். '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று வழவழப்பான தாளில் நோட்டீசும் வந்துவிட்டது. அரசுப் பல்கலைக்கழகம் எதுவும் எனக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை.

வடுகபட்டி சந்தைக்கு மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் விலை விசாரிக்காமல் ஏற்றுவதில்லை. பிள்ளையை இரண்டு வருடம் ஒரு இடத்தில் விடுவதற்கு விசாரிக்க வேண்டாமா? நான் கேட்பது இதுதான். ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எத்தனை இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்ற கணக்கை எங்காவது வெளியில் போட்டிருக்கிறார்களா? 'நல்ல காலேஜ், தாராளமா சேருங்க' என்ற பதில் நிறைய கிடைத்துவிட்டது. கணக்கு தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

தாண்டிக்குடி பொண்ணு:

அண்ணா, நான் வேறொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தவள். சதவீதத்தையெல்லாம் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. விடுதியில் வெந்நீர் வருதா, சாயங்காலம் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் அந்த பஸ் ஒழுங்காக ஓடுதா, இதைப் பாருங்க. படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்.

இன்னொன்று. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் இப்போது வாங்கிக்கொண்டிருந்தால், அது இளநிலையோடு நின்றுவிடும். எம்.எஸ்சி.க்குக் கிடையாது. செலவுக் கணக்கில் அதைச் சேர்த்துவிடாதீங்க.

பண்ணைக்காடு அக்கா:

தம்பி, ஒரு அரசு உயர்கல்வி நிறுவனத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். நீங்கள் தேடுகிற அட்டவணைகளை வருடா வருடம் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கணக்கு இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-லிருந்து வருகிறது. அதில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே போட்டு வைக்க வேண்டும். பேப்பரில் வருகிற 'இத்தனையாவது இடம்' என்ற செய்தியை விட்டுவிடுங்கள். அந்த மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு 30 சதவீதம், கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, மாணவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்பதற்கு 20தான். உங்களுக்கு வேண்டியது ரேங்க் இல்லை, அந்தப் பி.டி.எஃப். பல்கலைக்கழக இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப். என்று ஒரு இணைப்பு இருக்கும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில்.

அதில் 'பிளேஸ்மென்ட் அண்ட் ஹையர் ஸ்டடீஸ்' என்ற அட்டவணையைப் பிடியுங்கள். முதுநிலை இரண்டு வருடப் படிப்புக்குத் தனியாக இருக்கும். ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக, முதலாண்டுக்கான இடங்கள், சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் (சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது), மேற்படிப்புக்குத் தேர்வானவர்கள் என்று வரும். சம்பளத்தை எண்ணாலும் எழுத்தாலும் போட்டிருப்பார்கள், செக் எழுதுகிற மாதிரி.

இதை எப்படிப் படிப்பது? ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். 30 இடம். 22 பேர் சேர்ந்தார்கள். 17 பேர் காலத்தில் முடித்தார்கள். 5 பேருக்கு வேலை, 6 பேர் மேற்படிப்பு. முதலில் 22-லிருந்து 17-ஐக் கழியுங்கள், 5 பேர் வழியில் நின்றிருக்கிறார்கள் அல்லது அரியரோடு இருக்கிறார்கள். அப்புறம் 17-லிருந்து 5, 6 இரண்டையும் கழியுங்கள். மீதி 6 பேர் என்ன ஆனார்கள் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. அடுத்து சம்பளம். அது வேலை கிடைத்த 5 பேருடையது மட்டும். வருடத்துக்கு 1.2 லட்சம், 1.44, 1.8, 2.4, 6 லட்சம் என்று இருந்தால் இடைநிலை 1.8. நோட்டீஸ் அடிக்கிறவர்கள் '6 லட்சம் வரை' என்று போடுவார்கள். அதுவும் பொய் இல்லை. மற்ற 12 பேரின் சம்பளம் எந்தக் கணக்கிலும் வராது.

உங்களுக்கு வந்த '100 சதவீத' நோட்டீசும் இப்படித்தான் இருக்கும். வேலைக்கென்று பெயர் கொடுத்தவர்கள் 4 பேர், 4 பேருக்கும் ஆர்டர் வந்தது என்றால் நூற்றுக்கு நூறு. போன் பண்ணுகிற பையனிடம் 'எத்தனை பேர் சேர்ந்ததில் 100 சதவீதம்?' என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் போன் வருகிறதா பார்ப்போம்.

தேர்ச்சி சதவீதம் என்று ஒன்றைப் பெருமையாகச் சொல்வார்கள், அதையும் கவனியுங்கள். அது தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாமல் ஹால் டிக்கெட் கிடைக்காதவள் தேர்வு எழுதவில்லை, ஆகவே தோற்கவும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், சமூகம், பிளஸ் டூ மதிப்பெண், அப்பா தொழில் எல்லாம் நீல மையில் இருக்கும். நடுவில் நின்றுபோன பிள்ளையின் வரிக்கு எதிரே சிவப்பு மையில் 'டி.சி. பெற்றுச் சென்றார்' என்று தேதியோடு எழுதுவோம். தேர்வுப் பிரிவுக்கு அனுப்புவது நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதப் போகிறவர்களின் பட்டியல், அதில் சிவப்பு மை கிடையாது, அந்தப் பெயரே கிடையாது. தேர்ச்சி சதவீதம் நாமினல் ரோலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

நின்றவர்கள் எல்லோரும் படிக்க முடியாமல் நின்றவர்கள் இல்லை. எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டு, பி.எட். இடம் கிடைத்ததும் போகிறவர்கள் நிறைய. குரூப் 4 தேறிப் போகிறவர்கள் உண்டு. கல்யாணமும் உண்டு. முன்னாள் மாணவிகளின் விவரம் சேகரிக்க நாங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போடுவோம். 'இப்ப என்னம்மா பண்றே?' என்றால் பாதிப் பேர் 'வீட்டுல இருக்கேன் மேடம்' என்பார்கள். ஒரு பிள்ளை நர்சரிப் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்டர் காப்பி கேட்டால், 'ஆர்டர் எல்லாம் தரமாட்டாங்க, கையில காசு தருவாங்க' என்றது. காகிதம் இல்லாததால் அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அதனால் அரசு நிறுவனத்தின் எண் குறைவாக இருந்தால் உடனே மட்டமென்று நினைக்க வேண்டாம். காகிதம் சேகரிக்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 100-க்கு 47 பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள் என்று 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு முழுக்க 28.4தான். பெருமைதான். ஆனால் அது பெயர் பதிந்தவர்களின் கணக்கு. முடித்தவர்களுடையது இல்லை.

பூம்பாறை விவசாயி:

மேடம், ரொம்ப நன்றி. ராத்திரியே மகள் போனில் இறக்கிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன அட்டவணை அப்படியே இருக்கிறது. ஆண், பெண் என்று தனிக்கட்டம் வேறு இருக்கிறது. மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆண் கட்டத்தைப் பார்த்து என் பையன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஒரு சிக்கல். முதுநிலைப் படிப்பெல்லாம் சேர்த்து ஒரே வரியில் இருக்கிறது. இயற்பியல் தனியாக இல்லை. தமிழ், வரலாறு, கம்ப்யூட்டர் எல்லாம் கலந்த எண்ணை வைத்து நான் என்ன செய்ய? அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கேட்டால் நாளைக்கு மகள் அங்கேயே சேரும்போது 'இவ அப்பாதான் மனு போட்டவர்' என்று பிள்ளைமேல் வன்மம் வைப்பார்களோ என்று வீட்டில் பயப்படுகிறாள்.

பண்ணைக்காடு அக்கா:

நல்ல கேள்வி. துறைவாரியாகத்தான் கேட்க வேண்டும். இயற்பியல் எம்.எஸ்சி.யில் ஒரு வகுப்பில் ஆள் கொஞ்சமாக இருந்தால் சதவீதம் என்பதே அர்த்தமில்லாதது. 8 பேரில் ஒருத்தி நின்றால் 12.5 சதவீதம் போய்விடும். அதனால் ஒரு வருடத்தை வைத்து முடிவு பண்ணாமல், மூன்று வருடத்து ஆள் எண்ணிக்கையைக் கேளுங்கள். சதவீதம் வேண்டாம், தலைக்கணக்கு வேண்டும்.

மனு போட 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, 2005 சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இந்தியக் குடிமகன் யாரும் கேட்கலாம். அதனால் உங்கள் பெயரில் போட வேண்டாம், மச்சான் பெயரில் போடுங்கள். 'ஏன் இவ்வளவு பேர் நின்றார்கள்' என்று கேட்டால் பதில் வராது, ஏன், எதற்கு என்பதெல்லாம் ஆவணம் இல்லை. 'இன்ன மூன்று கல்வியாண்டில் எம்.எஸ்சி. இயற்பியலில் அனுமதிக்கப்பட்ட இடம், சேர்ந்தவர்கள், டி.சி. பெற்றவர்கள், நான்காம் பருவத் தேர்வு எழுதியவர்கள், அரியர் இல்லாமல் முடித்தவர்கள்' என்று கேளுங்கள். இதெல்லாம் எந்த அலுவலகத்திலும் நோட்டில் இருப்பது.

ஆனால் இப்போது சேர்க்கை சமயம். 30 நாள் காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும். மனு ஒரு பக்கம் இருக்கட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு துறைக்கே நேரில் போங்கள். வன்மம் வைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். சேரும் முன்னால் கணக்குக் கேட்கிற அப்பா அபூர்வம். எனக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பெருமாள்மலை விரிவுரையாளர்:

மேடம் எழுதியதைப் படித்தேன். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளர். மாணவர் கணக்கு ஒரு பாதிதான். அதே பி.டி.எஃப்.பில், இல்லாவிட்டால் துறையின் பக்கத்தில், ஆசிரியர் பட்டியல் இருக்கும். யார் எந்த வருடம் சேர்ந்தார், நிரந்தரமா ஒப்பந்தமா என்று பல நிறுவனங்கள் போட்டிருக்கும். அண்ணா, அதில் இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். என்னைப் போன்றவர்கள் பாடம் நன்றாகவே எடுப்போம், அதில் குறை சொல்ல விடமாட்டேன். ஆனால் எம்.எஸ்சி.யில் இரண்டாம் வருடம் புராஜெக்ட் இருக்கிறது. வழிகாட்டுகிறவர் அடுத்த வருடம் இருப்பாரா என்று தெரியாத இடத்தில் பிள்ளை தவித்துப்போகும்.

இன்னொன்றும் பார்க்கலாம். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேறியவர்கள் எத்தனை பேர் என்று நாக் என்கிற தர மதிப்பீட்டு அமைப்புக்குக் கொடுக்கும் அறிக்கையில் போடுவார்கள். மாநிலத் தேர்வான செட்டில் இரண்டு தாளையும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேரைத்தான் தகுதி பெற்றதாக அறிவிப்பார்கள். அதனால் ஒரு சின்னத் துறையில் வருடத்துக்கு ஒருவர் தேறினாலே அது பெரிய விஷயம். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், 2018-ல் மாநில செட் தேர்வையே நடத்தியது நம் அன்னை தெரசா பல்கலைக்கழகம்தான். தேர்வு நடத்தியதற்கும் அங்கே படித்தவர்கள் தேறியதற்கும் சம்பந்தம் இல்லை, சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மேடம் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. காகிதம் சேகரிக்க ஆள் இல்லை என்று அரசு நிறுவனத்துக்குச் சாக்கு சொல்லக் கூடாது. 1984-லிருந்து பெண்களுக்கென்றே நடக்கிற அரசுப் பல்கலைக்கழகம், அதுவும் மாநிலத்தில் ஒரே ஒன்று. முடித்த பெண்கள் எங்கே போனார்கள் என்பது அங்கே தெரியாவிட்டால் வேறு எங்கே தெரியும்?

பண்ணைக்காடு அக்கா:

சாக்கு சொல்லவில்லையம்மா. எண் ஏன் குறைகிறது என்றுதான் சொன்னேன். தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 'கல்யாணமாகி வீட்டில் இருக்கிறாள்' என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று டெல்லியில் படிவம் அடித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். அப்போது இருந்த எங்கள் மேலதிகாரி, 'அதெல்லாம் வேண்டாம், காலியாக விடுங்க' என்றார். விட்டுவிட்டோம்.

நிரந்தர ஆசிரியர் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. தம்பி, அதை முதலில் எண்ணிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பூம்பாறை விவசாயி:

வணக்கம், இது மகள். அப்பா போனிலிருந்துதான் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் பட்டியலை இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் எண்ணிவிட்டேன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அப்பாவும் நானும் அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கிற அட்டுவம்பட்டி போகிறோம்.

ஒன்று சொல்லணும். எல்லோரும் வேலை, சம்பளம் என்றே பேசுகிறீர்கள். எங்கள் ஊர் பஸ் அப்சர்வேட்டரி வழியாகத்தான் டவுனுக்குப் போகும். 1899-ல் தொடங்கிய இடம், நூறு வருடத்துக்கு மேலாக அங்கே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகணும். அதற்கு எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்?

பெருமாள்மலை விரிவுரையாளர்:

அப்படியென்றால் உனக்குச் சம்பளக் கட்டம் வேண்டாம் தங்கச்சி. மேற்படிப்புக் கட்டத்தைப் பார். ஆனால் அதில் பி.எட். போனவர்களும் இருப்பார்கள், பிஎச்.டி. போனவர்களும் இருப்பார்கள். பிரித்துச் சொல்லச் சொல்லி துறையில் கேள். அதே கோப்பில் பிஎச்.டி.க்குத் தனி அட்டவணை இருக்கும். இப்போது முழுநேரமாக எத்தனை பேர், பகுதிநேரமாக எத்தனை பேர், கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று வரும். பகுதிநேரம் நிறைய இருந்து முழுநேரம் சொற்பமாக இருந்தால், ஆய்வகத்தில் பகல் முழுக்க உன்னோடு ஆள் இருக்காது என்று வைத்துக்கொள்.

கொடைக்கானல் அப்சர்வேட்டரி, பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அங்கே பிஎச்.டி.க்கு ஜெஸ்ட் தேர்வு எழுதிப் போகலாம். எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். திங்கட்கிழமை துறைத் தலைவரைப் பார்க்கும்போது, உங்கள் மாணவிகளில் யாராவது ஜெஸ்ட் எழுதியிருக்கிறார்களா, அப்சர்வேட்டரியில் யாராவது புராஜெக்ட் செய்திருக்கிறார்களா என்று கேள். மதுரைக்குப் போனாலும் இதே இரண்டு கேள்விதான்.

பண்ணைக்காடு அக்கா:

பத்தரை மணிக்குள் போய்விடுங்கள். சேர்க்கை சமயத்தில் பதினொன்றுக்கு மேல் துறைத் தலைவர்கள் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிளஸ் டூ, டிகிரி மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இளநிலை டி.சி.யை மட்டும் ஒரிஜினலாக யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எந்த இடம் என்று முடிவாகும் வரை.